தரவுகளை வகைப்படுத்தலும் காட்சிப்படுத்தலும்: செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிக் கணக்கு (1822–1826)

தரவுகளை வகைப்படுத்தல் என்பது, திரட்டிய விவரங்களில் ஒத்த இயல்புடையவற்றை ஒன்றாகச் சேர்த்து, வேறுபட்டவற்றைப் பிரித்து வைக்கும் முறை ஆகும். வகைப்படுத்திய விவரங்களை நிரை, நிரல்களில் எழுதுவது அட்டவணைப்படுத்தல். அவற்றைப் பட்டை விளக்கப்படம், வட்ட விளக்கப்படம் போன்ற வடிவங்களில் வரைந்து காட்டுவது காட்சிப்படுத்தல். உயர்நிலைப் பள்ளிக் கணக்குப் பாடத்தில் புள்ளியியல் என்னும் அலகு இந்த மூன்று படிகளில்தான் தொடங்குகிறது.

பாடநூலில் பெரும்பாலும் தரவுகள் வகைப்படுத்தப்பட்ட நிலையிலேயே மாணவருக்குக் கிடைக்கின்றன. எனவே மாணவர் நேராகப் படம் வரையத் தொடங்கிவிடுகிறார். அந்த வகைகளை யார் முடிவு செய்தார், எதற்காக முடிவு செய்தார், எந்த வகையிலும் சேராதவர் எங்கே போனார் என்னும் கேள்விகள் எழுவதில்லை. இவற்றுக்கு விடை தேட நம் பகுதியிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் 1822-இல் சென்னை மாகாணம் முழுவதும் நடந்த பள்ளிக் கணக்கெடுப்பே அது. அதில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கான அட்டவணையை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் வகைப்பாடு

வகைப்படுத்தும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையை விளக்குவதால் இவை புகழ்பெற்றவை. தேர்தல் வரலாற்றுக்காகப் படிக்கப்படும் இக்கல்வெட்டுகளைப் புள்ளியியல் நோக்கிலும் படிக்கலாம்.

முதலில் ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. இது இடவாரி வகைப்பாடு. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரும் பின்னர் வாரியங்களுக்குப் பிரிக்கப்பட்டனர். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். மூன்றையும் கூட்டினால் 30. ஒருவர் இரண்டு வகையில் வரக்கூடாது, ஒருவரும் விடுபடக்கூடாது என்னும் விதி இங்கே சரியாகப் பொருந்துகிறது.

அடுத்து எல்லைகள். 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் உறுப்பினராவதற்கான வயது 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. இன்று நாம் பிரிவு இடைவெளியின் கீழ் எல்லை, மேல் எல்லை என்று சொல்வது இதையேதான். எல்லையை மாற்றியவுடன் 32 வயதுக்காரர் ஒருவர் பட்டியலிலிருந்து வெளியேறுகிறார். 65 வயதுக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். ஊரில் ஆட்கள் மாறவில்லை, கோடு மட்டுமே மாறியது.

இந்தப் பட்டியலில் யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். இது பிராமணர்களின் சபைக்கான விதி. பெண்களும், நிலமற்றவர்களும், சபைக்கு வெளியே ஊரில் உழைத்து வாழ்ந்த மக்களும் இந்த வகைப்பாட்டில் எங்கும் இடம்பெறவில்லை. ஒரு வகைப்பாடு உள்ளே இருப்பவரை ஒழுங்காகப் பிரித்துக் காட்டுவதால், அது எல்லாரையும் எண்ணிவிட்டது என்று ஆகாது.

மன்றோவின் படிவம்

சர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர். நாட்டில் கல்வியின் நிலை என்ன என்பது அரசுக்கு உண்மையில் தெரியாது என்று கருதிய அவர், 25 ஜூன் 1822 நாளிட்ட குறிப்பின் மூலம் ஒரு கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப்படும் பள்ளிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் படிப்போர் தொகை, அவர்களின் சாதி ஆகிய விவரங்களை மாவட்டக் கலெக்டர்கள் அனுப்ப வேண்டும். எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே மாதிரிப் படிவம் கொடுக்கப்பட்டது.

தரவுகளை நான்கு வழிகளில் வகைப்படுத்தலாம் என்று பாடநூல் சொல்கிறது: காலவாரி, இடவாரி, பண்புவாரி, அளவுவாரி. மன்றோவின் படிவத்தில் மாவட்டங்கள் இடவாரி வகை. பிராமணர், வைசியர், சூத்திரர், மற்றச் சாதியினர், முஸ்லிம்கள் என்னும் நிரல்களும், ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்னும் உட்பிரிவும் பண்புவாரி வகை. மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகைக்கும் ஒரு நிரல் இருந்தது. மாணவர் வயதுக்கு நிரல் இல்லை. இந்தக் குறை பின்னால் எப்படி வெளிப்பட்டது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

இந்த விவரங்கள் அன்றைய அரசுக்கு முதல்நிலைத் தரவுகள், ஏனெனில் அது தன் தேவைக்காகத் தானே நேரடியாகத் திரட்டியது. அவற்றை இன்று எடுத்துப் பயன்படுத்தும் நமக்கு அவை இரண்டாம்நிலைத் தரவுகள். இரண்டாம்நிலைத் தரவுகளைக் கையாளும்போது திரட்டியவரின் நோக்கத்தையும் முறையையும் அறிந்துகொள்வது அவசியம். எல்லா இடத்திலிருந்தும் தரவு ஒரே ஒழுங்கில் வரவும் இல்லை. கன்னட மாவட்டக் கலெக்டர் படிவத்தை நிரப்பாமல் கடிதம் மட்டும் அனுப்பினார்.

செங்கல்பட்டு அட்டவணை

செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து வந்த கணக்கின்படி அங்கே 508 பள்ளிகள் இருந்தன. அவற்றில் படித்த ஆண் மாணவர் விவரம் கீழே உள்ளது. பிரிவுகளின் பெயர்கள் அந்த ஆவணத்தில் உள்ளவை. சதவீதமும் கோணமும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டவை.

| பிரிவு | மாணவர் | சதவீதம் | மையக்கோணம் |
|---|---|---|---|
| பிராமணர் | 858 | 12.75 | 46° |
| வைசியர் | 424 | 6.30 | 23° |
| சூத்திரர் | 4,809 | 71.47 | 257° |
| மற்றச் சாதியினர் | 452 | 6.72 | 24° |
| முஸ்லிம்கள் | 186 | 2.76 | 10° |
| மொத்தம் | 6,729 | 100.00 | 360° |

மையக்கோணம் காண, பிரிவின் எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்து 360-ஆல் பெருக்க வேண்டும். பிராமணர் பிரிவுக்கு 858 ÷ 6,729 × 360 = 45.9, அதாவது ஏறத்தாழ 46 பாகை. ஐந்து கோணங்களின் கூடுதல் 360 வருகிறதா என்று சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

சராசரியாக ஒரு பள்ளிக்கு 13 மாணவர். அன்றைய பள்ளி என்பது திண்ணையில் ஓர் ஆசிரியர் நடத்திய சிறு பள்ளி என்பதை இந்த எண் உணர்த்துகிறது. ஆனால் 13 என்பது சராசரி மட்டுமே. 5 மாணவர் உள்ள பள்ளியும் 30 மாணவர் உள்ள பள்ளியும் இருந்திருக்கலாம். மாவட்டத் தொகையாகச் சுருக்கியபின் அந்த வேறுபாட்டை இந்த அட்டவணையிலிருந்து மீட்க முடியாது.

படமாக வரைதல்

இந்தக் கணக்கெடுப்பு நடந்த காலத்தில் விளக்கப்படங்கள் புதிய கண்டுபிடிப்பு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786-இல் வெளியிட்ட நூலில் பட்டை விளக்கப்படத்தையும், 1801-இல் வெளியிட்ட நூலில் வட்ட விளக்கப்படத்தையும் பயன்படுத்தினார். மன்றோவின் அலுவலர்கள் அட்டவணையோடு நின்றுவிட்டனர். அந்த அட்டவணையைப் படமாக்கும் வேலையை இன்றைய மாணவர் செய்யலாம்.

பட்டை விளக்கப்படத்துக்கு 1 செ.மீ. = 500 மாணவர் என அளவு கொண்டால், சூத்திரர் பிரிவின் பட்டை 9.6 செ.மீ. உயரம் வரும். பிராமணர் பிரிவுக்கு 1.7 செ.மீ., மற்றச் சாதியினர்க்கு 0.9 செ.மீ., வைசியர்க்கு 0.85 செ.மீ., முஸ்லிம்களுக்கு 0.4 செ.மீ. இது ஒரு வரைபடத் தாளில் அடங்கிவிடும்.

வரையும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பட்டைகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும். இவை பண்புவாரி வகைகள். நிகழ்வுச் செவ்வகம் என்பது வயது, உயரம், மதிப்பெண் போன்ற தொடர்ச்சியான அளவுகளுக்கு உரியது. அதில்தான் செவ்வகங்கள் ஒட்டி நிற்கும்.

இரண்டாவது, நிலைக்குத்து அச்சு சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். வைசியர் 424, மற்றச் சாதியினர் 452. வேறுபாடு 28 பேர். அச்சை 400-இலிருந்து தொடங்கினால் ஒரு பட்டை 24 அலகும் மற்றது 52 அலகும் உயரும். பார்ப்பவருக்கு ஒன்று மற்றதைப் போல இரு மடங்குக்கு மேல் என்று தோன்றும். எண்களில் பொய் இல்லை, ஆனால் படம் தவறான எண்ணத்தைத் தந்துவிடும்.

மூன்றாவது, வரிசை. படிவம் வருண அடுக்கின்படி பிராமணரை முதலில் வைத்தது. எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் வைத்தால் சூத்திரர் பிரிவு முதலில் வரும், பிராமணர் அடுத்து, மற்றச் சாதியினர் மூன்றாவது. பண்புவாரி வகைகளுக்குக் கணித அடிப்படையில் இயல்பான வரிசை கிடையாது. எந்த வரிசையில் வைக்கிறோம் என்பது வரைபவரின் முடிவு. அந்த முடிவை எதற்காக எடுத்தோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எதன்மீது சதவீதம்?

எல்லா மாவட்டக் கணக்குகளையும் தொகுத்து மன்றோ 10 மார்ச் 1826-இல் ஒரு குறிப்பு எழுதினார். மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. பள்ளிகளும் கல்லூரிகளும் சேர்த்து 12,498. படிப்போர் 1,88,650 பேர். அவர்களில் ஆண்கள் 1,84,110, பெண்கள் 4,540.

மொத்த மக்கள்தொகையில் படிப்போர் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் 1.5 மட்டுமே வருகிறது. அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர். இது மிகக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் மக்கள்தொகையில் முதியவரும் கைக்குழந்தையும் அடக்கம். அவர்களைப் பள்ளியில் எதிர்பார்க்க முடியாது. எனவே மன்றோ பகுதியை மாற்றினார். பள்ளிக்குச் செல்லும் வயது 5 முதல் 10 எனக் கொண்டு, அந்த வயதுச் சிறுவர் ஆண் மக்கள்தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு என மதிப்பிட்டார். அப்படிப் பார்த்தால் சிறுவர் ஏறத்தாழ 7,13,000 பேர். பள்ளியில் இருந்தவர் 1,84,110. இப்போது விடை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

வீட்டிலேயே கற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்றார் அவர். சென்னை நகரில் வீட்டில் கற்றோர் தொகை, பள்ளியில் கற்றோரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கணக்கு வந்திருந்தது. மற்ற இடங்களில் அந்த அளவு இருக்காது எனக் கருதி, மொத்தத்தில் கல்வி பெறும் சிறுவர் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருக்கலாம் என முடித்தார்.

1.5 சதவீதம், 26 சதவீதம், 33 சதவீதம். இந்த மூன்றும் ஒரே கணக்கெடுப்பிலிருந்து பிறந்தவை. முதல் எண்ணைப் பட்டையாக வரைந்தால் நாடு எழுத்தறிவில்லாத இருளில் இருந்தது என்று தோன்றும். மூன்றாவதை வரைந்தால் கல்வி ஓரளவு பரவியிருந்தது என்று தோன்றும். மூன்றாவது எண்ணில் ஊகம் கூடுதலாக உள்ளது என்பதையும் மறக்கக்கூடாது. படிவத்தில் வயது நிரல் இருந்திருந்தால் ஒன்பதில் ஒரு பங்கு என்னும் மதிப்பீட்டின் துணை இந்த அளவுக்குத் தேவைப்பட்டிராது. திரட்டும்போது கேட்காத கேள்விக்குப் பின்னால் ஊகத்தால்தான் விடை சொல்ல முடியும்.

இன்னொன்றும் நடந்தது. பகுதியைச் சிறுவர் என்று மாற்றியபோது சிறுமியர் கணக்கிலிருந்தே வெளியேறினர். படித்த 1,88,650 பேரில் பெண்கள் 4,540, அதாவது நூற்றுக்கு 2.4 பேர். 26 சதவீதம் என்னும் விடையில் இந்தப் பெரும் இடைவெளி தெரிவதே இல்லை.

இந்தக் கணக்கு பின்னாளில் பெரிய விவாதத்துக்கு உள்ளானது. ஆங்கில ஆட்சியில் இந்தியாவின் எழுத்தறிவு குறைந்துவிட்டது என்று காந்தியடிகள் 20 அக்டோபர் 1931 அன்று இலண்டனில் பேசினார். கல்வியாளர் பிலிப் ஹார்டாக் அதை மறுத்து ஆதாரம் கேட்டார். வரலாற்று ஆய்வாளர் தரம்பால், சென்னை மாகாண ஆவணங்களைத் தொகுத்து 1983-இல் தம் நூலை வெளியிட்டார். பிற்படுத்தப்பட்ட பிரிவினர் அன்றைய பள்ளிகளில் பெருமளவில் படித்தனர் என்பதற்குச் செங்கல்பட்டின் 71.47 சதவீதம் போன்ற எண்கள் சான்றாகக் காட்டப்படுகின்றன. அந்தச் சதவீதம் படித்தவர்களுக்குள் எடுத்த பங்கு. அந்தப் பிரிவில் எத்தனை பேருக்குப் படிப்பு கிட்டியது என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தப் பிரிவின் மொத்தச் சிறுவர் தொகை வேண்டும்.

"மற்றச் சாதியினர்" என்னும் நிரல்

அட்டவணையில் மிகவும் யோசிக்க வைப்பது நான்காவது வரி. 452 மாணவர். இவர்கள் யார்? முதல் மூன்று நிரல்களில் சேராத இந்துக்கள் என்பதற்கு மேல் படிவம் எதுவும் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்த மக்களின் பிள்ளைகள் இந்த 452-இல் எத்தனை பேர் என்பதை இதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஒரே ஒரு பிள்ளை இருந்திருந்தாலும், ஒருவருமே இல்லாவிட்டாலும், 452 என்னும் எண் மாறாமல் அப்படியே நிற்கும்.

"மற்றவை" என்னும் வகை புள்ளியியலில் தவிர்க்க முடியாதது. சிறு சிறு பிரிவுகளை எல்லாம் தனித்தனியே காட்டினால் அட்டவணை நீண்டுவிடும். ஆயினும் எதை "மற்றவை"யில் போடுகிறோம் என்பது சிறிய முடிவு அன்று. அங்கே போடப்பட்டவர்களைப் பற்றி அந்த அட்டவணையால் பிறகு எதுவும் பேச முடியாது.

இதே மாவட்டத்தில் அந்த நிரல் திறக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்துத் தனி அறிக்கை ஒன்றை அரசுக்கு அனுப்பினார். அவர்களின் கூலி, குடியிருப்பு மனை, நில உரிமை, கல்வி ஆகியவற்றைத் தனியாக எடுத்துப் பார்த்தது அந்த அறிக்கை. குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாததால் அவர்கள் நிலவுடைமையாளரை அண்டியே வாழ வேண்டியிருந்தது என்பது அதனால் அரசின் முன் வந்தது. 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசு ஆணை பிறப்பித்தது. அப்படி ஒதுக்கப்பட்ட நிலங்களையே இன்று பஞ்சமி நிலங்கள் என்கிறோம். அந்த நிலங்களை மீட்பதற்கான கோரிக்கைகள் இன்றும் தமிழகத்தில் ஒலிக்கின்றன. செங்கல்பட்டில் 1994-இல் அதற்காக நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின.

"மற்றவர்" என்று சேர்த்து எழுதிய காலத்தில் தெரியாமல் இருந்த குறை, தனியாகப் பிரித்து எழுதியபோது அரசின் மேசைக்கு வந்தது. வகைப்பாடு மட்டுமே நிலம் வாங்கித் தந்துவிடவில்லை. ஆனால் அது இல்லாமல் அந்தக் கோரிக்கைக்கு எழுத்துச் சான்று கிடைத்திருக்காது.

வகுப்பறைக்கு

ஓர் அட்டவணையைப் படமாக்குவதற்கு முன் மாணவர் நான்கு கேள்விகள் கேட்டுப் பழகலாம்.

1. இந்தத் தரவைத் திரட்டியவர் யார், அவருக்கு என்ன தேவை இருந்தது?
2. வகைகளின் எல்லை எங்கே? எல்லையைச் சற்று நகர்த்தினால் விடை மாறுமா?
3. சதவீதம் எந்த மொத்தத்தின்மீது எடுக்கப்பட்டது?
4. "மற்றவை"யில் யார், எது உள்ளது?

இரண்டாம் கேள்விக்கு நம் மாவட்டமே எடுத்துக்காட்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,98,252. நவம்பர் 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. இன்றைய காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் அதே 2011 கணக்கின்படி ஏறத்தாழ 11.66 இலட்சம் பேர்தான். இரண்டு எண்ணையும் அடுத்தடுத்துப் பட்டையாக வரைந்து, எல்லை மாறியதைக் குறிப்பிடாமல் விட்டால், மாவட்டமே காலியாகிவிட்டது என்று படிப்பவர் நினைப்பார். அதே காரணத்தால் 1822-இன் செங்கல்பட்டு எண்களை இன்றைய செங்கல்பட்டு மாவட்ட எண்களோடு நேராக ஒப்பிடுவதும் பொருந்தாது.

செய்முறைக்கு எளிய வேலை ஒன்று. வகுப்பு மாணவர்கள் பள்ளிக்கு எப்படி வருகிறார்கள் என்று திரட்டுங்கள். நேர்க்கோட்டுக் குறியிட்டு நடை, மிதிவண்டி, பேருந்து, மற்றவை என நிகழ்வெண் பட்டியல் தயாரித்துப் பட்டை விளக்கப்படம் வரையுங்கள். பிறகு "மற்றவை"யைப் பிரித்துப் பாருங்கள். பால் வண்டியில் ஏறி வருபவர், அண்டை வீட்டுக்காரர் இருசக்கர வண்டியில் அழைத்து வந்தால் மட்டும் வருபவர் என்று சிலர் அங்கே இருக்கக்கூடும். பேருந்து நேரத்தை மாற்றக் கேட்டு ஊராட்சிக்கு மனு எழுதுவதானால், முதல் படத்தைவிட இந்தச் சிறு பட்டியலே அதிகம் பயன்படும்.

இன்று பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் படிவத்தில் வகுப்பு, பாலினம், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் ஆகியவற்றுக்குத் தனித்தனி விவரம் கேட்கப்படுகிறது. 1822-இன் படிவத்தில் இல்லாத நிரல்கள் பல அதில் உள்ளன. அந்தப் படிவத்தில் தம் பெயர் எந்த நிரலில் எண்ணப்படுகிறது என்பதை மாணவர்கள் தம் ஆசிரியரிடம் கேட்டு அறியலாம். புள்ளியியல் பாடத்தை அங்கிருந்தும் தொடங்கலாம்.